ஒழுகாத குழாய்

சங்கரன்கோவில் பக்கம் கோமு என்று ஒரு பிளம்பர் இருந்தாள். அவளிடம் தொழில் படிக்க வந்தான் மாசானம். அவளைவிட எட்டு வயது மூத்தவன். அவள் அவனை அண்ணாச்சி என்பாள். அவன் அவளை மேஸ்திரி என்பான்.

விசைத்தறி ஓட்டியவன். நூல் பிடித்துப் பழகிய கை. குழாயின் மரையில் அவன் டேப் சுற்றினால் ஒரு சுருக்கம் விழாது.

தினமும் மதியம் சாப்பிட்டதும் மாசானம் போனை எடுப்பான். ஒரு நம்பரைப் பார்ப்பான். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பான். திரும்பப் பையில் போட்டுக்கொள்வான்.

ஒரு நாள் கோமு கேட்டுவிட்டாள்.

"யாரு அண்ணாச்சி அது?"

"புளியங்குடியில இருக்கிற அக்கா. அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளத்தவ."

"பேசுறதில்லையா?"

"ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில எனக்கும் மச்சானுக்கும் வாய்ச்சண்டை. 'இனி என் நடையேறாதே'ன்னுட்டாரு. நானும் ஏறலை. அவரு செத்த அன்னைக்குக்கூட."

"துஷ்டிக்குமா போகலை?"

"புளியங்குடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். வாங்கிட்டுப் போன மாலையை அங்கன ஒரு பெஞ்சில வச்சிட்டுத் திரும்பிட்டேன். ஆறு வருசமாச்சு. அவ குரலே மறந்துருமோன்னு இருக்கு மேஸ்திரி."

"போன் போட வேண்டியதுதானே."

"என்ன சொல்லி ஆரம்பிக்கன்னு இன்னும் சரியா அமையலை. தினமும் சொல்லிப் பாக்கேன்."

கோமு டிபன் பாக்ஸைக் கழுவினாள்.

அன்று ஒரு புது வீட்டில் குளியலறை வேலை. எல்லா மூட்டும் முடிந்திருந்தது.

"தண்ணி விட்டுப் பாக்கலாம். கேட் வால்வைத் திறங்க அண்ணாச்சி."

"ஷவர் மூட்டை மட்டும் ஒரு தடவை பாத்துக்கிடுதேன்."

கழற்றினான். பழைய டேப்பை உரித்தான். மரையைத் துணியால் துடைத்தான். முறுக்கும் திசையிலேயே புது டேப்பைச் சுற்றினான். முறுக்கினான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். மறுபடியும் கழற்றினான்.

மூன்றாவது தடவை கோமுவால் பொறுக்க முடியவில்லை.

"அது குழாயா, கல்யாணப் பொண்ணா? எத்தனை சேலை மாத்துவிய?"

"ஒழுகிரக் கூடாதுல்லா மேஸ்திரி. ஒழுகாதுன்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிடுறது?"

கோமு தன் பைக்குள் கையை விட்டாள். ஒரு துண்டுக் குழாயும் பித்தளைத் திருகு குழாய் ஒன்றும் எடுத்தாள். டேப் சுற்றாமலே திருகு குழாயை அந்தத் துண்டில் வெறும் கையால் ரெண்டு சுற்று சுற்றி, சன்னல் கட்டையில் வைத்தாள்.

"இது ஒழுகுதா?"

மாசானம் குனிந்து பார்த்தான். "அதுல தண்ணியே இல்லையே."

"டேப்பு இல்லை. ரெஞ்சு போடலை. ஒரு சொட்டு விழுதா பாருங்க. எத்தனை வருசம் வச்சாலும் விழாது."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு போய் கேட் வால்வைத் திறந்தான்.

குழாய்களுக்குள் காற்று உறுமியது. தண்ணீர் ஏறியது. ஷவர் மூட்டு காய்ந்தே இருந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்காத வாஷ்பேசின் மூட்டில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது.

மாசானத்தின் முகம் சுருங்கிவிட்டது.

"எதுக்கு இப்படிப் பாக்கிய? எங்கன்னு தெரிஞ்சுட்டுல்லா" என்றாள் கோமு. "வால்வை மூடிட்டுக் கழட்டுங்க."

அதைச் சரிசெய்து முடித்ததும் மாசானம் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில் போனை எடுத்தான். இந்தத் தடவை முணுமுணுக்கவில்லை.

கோமு சாமான்களைப் பையில் போட்டு முடிக்கிற நேரத்தில் திரும்பி வந்தான். கண் கலங்கியிருந்தது. போனைக் காதில் வைக்காமல், சூடான பாத்திரத்தைப் பிடித்தவன் மாதிரி தள்ளிப் பிடித்திருந்தான். அதிலிருந்து ஒரு பெண் குரல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி?"

"அக்கா திட்டுதா மேஸ்திரி. என் குரல் கேட்டதுலேருந்து திட்டுதா. அவரு முகத்தைப் பாக்க வரலையேன்னு... நான் சொல்ல வச்சிருந்த ஒரு வார்த்தையும் சொல்ல விடலை. இன்னும் நிறுத்தலை."

கோமு பையைத் தோளில் மாட்டினாள்.

"தண்ணி வந்துட்டு அண்ணாச்சி. காதுல வைங்க."