இலவம்பஞ்சு மத்தளம்

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது, குழந்தைகளே. காட்டில் எதற்குப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள். உங்கள் ஊரில் எதற்கு இருக்கிறதோ, அதற்குத்தான் அங்கேயும் இருந்தது.

அதன் தலைமையாசிரியர் ஒரு கரடி. பெயர் அடைக்கலம். எந்தப் பொருளையும் பத்திரமாக வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சாக்பீஸ் தேய்ந்துவிடும் என்று கரும்பலகையில் விரலால்தான் எழுதுவார். மணி தேய்ந்துவிடும் என்று அதை யாரும் அடிக்க விடமாட்டார். பசி எடுத்தால் மத்தியானம் ஆகிவிட்டது என்று பிள்ளைகளே புரிந்துகொள்வார்கள்.

ஒரு நாள் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மத்தளமும் ஒரு வீணையும் ஒரு புல்லாங்குழலும் ஒரு ஜோடி ஜால்ராவும் வந்து இறங்கின. "இவை பிள்ளைகள் வாசிப்பதற்காக" என்று மேலிடத்திலிருந்து ஒரு கடிதமும் கூடவே வந்தது.

கடிதத்தை அடைக்கலம் இரண்டு தடவை படித்தார்.

"பிள்ளைங்க வாசிக்கிறதா? வாசிச்சா இதெல்லாம் என்னத்துக்கு ஆகும்!" என்று எல்லாவற்றையும் பழைய துணியில் சுற்றினார். ஒரு மரப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். வாரம் தவறாமல் பீரோவின் வெளிப்பக்கத்தைத் துடைப்பார். திறக்க மட்டும் மாட்டார். திறந்தால் கீல் தேய்ந்துவிடுமாம்.

ஆனால் கடிதத்தில் "வாசிப்பதற்காக" என்று எழுதியிருக்கிறதே? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லாக் கருவிக்கும் ஒரு மாதிரி செய்யச் சொன்னார்.

இலவம்பஞ்சு அடைத்து ஒரு மத்தளம் தைத்தார்கள். ஒரு பலகையில் ஏழு கோடு கிழித்து வீணை என்றார்கள். ஒரு குச்சியை எடுத்து, துளை இருக்கவேண்டிய இடத்தில் எல்லாம் மைப்பொட்டு வைத்துப் புல்லாங்குழல் ஆக்கினார்கள். ஜால்ராவுக்கு இரண்டு பூவரச இலை. பார்வைக்கு எல்லாம் அச்சு அசலாக இருந்தன. சத்தம் மட்டும் வராது. சத்தம் வந்தால் பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவுதானே என்று அடைக்கலம் அதற்கும் சந்தோஷப்பட்டார்.

அடுத்து, பாட்டு வாத்தியார் வேலைக்கு ஆள் தேடினார்கள். குயில் விண்ணப்பம் போட்டது.

"உனக்குத் தொண்டை பெருசு. வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார் அடைக்கலம்.

கடைசியில் வேலை கொக்குக்குக் கிடைத்தது. கொக்கு நாள் முழுக்க வாயைத் திறக்காது. அப்படியே திறந்தாலும், யார் என்ன சொன்னாலும் "ஆமாங்க" என்றுதான் சொல்லும்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு பாட்டு வகுப்பு. கொக்கு வாத்தியார் ஒற்றைக் காலில் நிற்பார். அதனால் காலைத் தட்டித் தாளம் போட அவருக்கு வசதிப்படாது. தலையை மட்டும் ஆட்டுவார். மான்குட்டி பலகையை மீட்டும். முயல்குட்டி குச்சியை ஊதும். அணில்பிள்ளை இலையோடு இலையைத் தட்டும். இலவம்பஞ்சு மத்தளத்தை ஒரு முள்ளம்பன்றிக் குட்டி அடிக்கும்.

அந்த முள்ளம்பன்றிக் குட்டியின் பெயர் சிலுப்பி. ஐந்தாம் வகுப்பு. ஆசை வந்துவிட்டால் அதை விடாது. பெஞ்சைப் பார்த்தால் தட்டும், தட்டைப் பார்த்தால் தட்டும், தூங்கும்போது தன் வயிற்றையே தட்டிக்கொள்ளும். வகுப்பில் நாலு வரி பாடம் படித்ததைவிட அது பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அதிகம். உள்ளே ஒரு நிஜமான மத்தளம் இருக்கிறது. அதை ஒரு தடவை அடித்துவிட வேண்டும். அவ்வளவுதான் அதற்கு வேண்டியது.

ஒரு நாள் துணிந்து கேட்டே விட்டது.

"சார், ஒரே ஒரு அடி சார். மெதுவா அடிக்கிறேன்."

"அஞ்சாம் வகுப்பு முடி. அப்புறம் பாக்கலாம்" என்றார் அடைக்கலம்.

"அஞ்சாம் வகுப்பு முடிச்சா நான் இந்தப் பள்ளிக்கூடத்துலயே இருக்க மாட்டேனே சார்?"

"அப்ப பிரச்சினையே இல்லையே!" என்று சொல்லிவிட்டு அவர் பீரோவைத் துடைக்கப் போய்விட்டார்.

பாட்டுக்குப் பரீட்சையும் நடந்தது. மத்தளத்துக்கு எத்தனை பக்கம், புல்லாங்குழல் எந்த மரத்தில் செய்வது, ஜால்ராவின் நிறம் என்ன என்றெல்லாம் கேள்வி. சிலுப்பி நூற்றுக்கு நூறு வாங்கியது. மத்தளம் எப்படிச் சத்தம் போடும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிலுப்பிக்கு அழுகைதான் வந்திருக்கும்.

பள்ளிக்கூடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது மேலிடத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. "உங்கள் பிள்ளைகளின் வாசிப்பைக் கேட்க ஆய்வாளர் வருகிறார். வாசிப்பு சரியில்லை என்றால் கருவிகளை எல்லாம் ஆற்றுக்கு அந்தப்பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவோம்."

அடைக்கலத்துக்குத் தூக்கம் போயிற்று. ஆற்றுக்கு அந்தப்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பதெல்லாம் குரங்குகள்!

"ஆய்வாளர் முன்னாடியாவது நிஜக் கருவியை எடுக்கலாமா சார்?" என்று ஆசையாகக் கேட்டது சிலுப்பி.

"அவருக்காக வைக்கிற விழா அன்னிக்கு எடுத்தா கூட்டத்துல யார் கையாவது படும். மாதிரியே போதும். என்ன வாத்தியாரே?"

"ஆமாங்க" என்றது கொக்கு.

ஆய்வாளர் ஒரு யானை. பெருஞ்செவியார் என்று பெயர். தன் காதுகளைப் பற்றி அவருக்கு அப்படி ஒரு பெருமை. "ஏழு மலைக்கு அந்தப்பக்கம் எறும்பு தும்மினாலும் எனக்குக் கேட்கும்" என்று போகிற இடமெல்லாம் சொல்லுவார்.

விழா நாள் வந்தது. பெருஞ்செவியாருக்கு மாலை போட்டு, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கச்சேரி ஆரம்பித்தது.

மான்குட்டி மீட்டியது. முயல்குட்டி கன்னம் உப்ப ஊதியது. அணில்பிள்ளை தட்டியது. சிலுப்பி இரண்டு கையாலும் வெளுத்து வாங்கியது. கொக்கு வாத்தியார் கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

ஒரு சத்தமும் இல்லை.

பெருஞ்செவியார் வலது காதை முன்னால் கொண்டுவந்தார். பிறகு இடது காதை. இரண்டையும் விசிறிபோல விரித்துப் பார்த்தார். ஊகூம்.

அவருக்குக் குப்பென்று வியர்த்தது. 'ஐயோ, என் காது போய்விட்டதே! இத்தனை பேர் நடுவில் இது தெரிந்தால் என் மானம் என்ன ஆகும்?' என்று உள்ளுக்குள் நடுங்கினார். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"ஆஹா! என்ன சுருதி, என்ன சுருதி!" என்று தும்பிக்கையால் தொடையைத் தட்டினார்.

அதைப் பார்த்ததும் பெற்றோர்களும் "ஆஹா" என்றார்கள். முயலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம பிள்ளை ஊதுறது எலும்பையே உருக்குதுங்க" என்று முயலப்பாவிடம் சொன்னாள்.

பெருஞ்செவியார் கொக்குப் பக்கம் குனிந்தார். "இது... தோடிதானே?"

"ஆமாங்க."

"இல்ல, கல்யாணி மாதிரியும் இருக்கு."

"ஆமாங்க."

அடைக்கலத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு, அதுவும் முடிந்து இன்னொன்று என்று முக்கால் மணி நேரம் போயிற்று. கூட்டம் அசையாமல் கேட்டது. கடைசிப் பாட்டு நடக்கும்போதே பெருஞ்செவியார் பேனாவை எடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தின் பதிவேட்டில், "வாசிப்பு பிரமாதம். இதே முறையில் தொடர்ந்து நடத்தவும்" என்று எழுதப் போனார்.

சிலுப்பி அதைப் பார்த்தது. அவர் எழுதிவிட்டால் அந்தப் பீரோ இனி திறக்கவே திறக்காது. அந்த நினைப்பு வந்ததும் அதற்குக் கோபம் வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இலவம்பஞ்சு மத்தளத்தைப் பிடித்து மொத்து மொத்தென்று மொத்தியது.

முள்ளம்பன்றிக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும்? முதுகு முள்ளெல்லாம் விறைத்து நின்று ஒன்றோடொன்று மோதின. சடசட சடசட சடசட!

பெருஞ்செவியார் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். நாற்காலி உடைந்தது.

"கேக்குது! எனக்குக் காது கேக்குது!" என்று ஆனந்தமாகக் கத்தினார்.

"உஷ்! சிலுப்பி, சத்தம் போடாதே! கச்சேரி நடக்குதுல்ல?" என்று பல்லைக் கடித்தார் அடைக்கலம்.

அதுவும் பெருஞ்செவியாருக்குத் தெளிவாகக் கேட்டது. அவருடைய சிரிப்பு மெல்ல நின்றது.

"காது நல்லாத்தான் இருக்கு. அப்போ இவ்வளவு நேரம் என்ன நடந்தது?"

மேடைக்கு ஏறிப் போனார். முயல்குட்டியின் புல்லாங்குழலை வாங்கி மைப்பொட்டைத் தடவினார். பூவரச இலையை எடுத்து முகர்ந்தார். சிலுப்பியின் மத்தளத்தை தும்பிக்கை நுனியால் அமுக்கினார். அது தலையணை மாதிரி உள்ளே போயிற்று.

"நாங்க அனுப்பின கருவியெல்லாம் எங்கே, அடைக்கலம்?"

"ஒரு கீறல் இல்லாம வச்சிருக்கேன் ஐயா! ஒரு வருஷமா ஒருத்தர் விரல் படல!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார் கரடியார்.

"திறங்க."

கழுத்துச் சாவியைக் கழற்றி அடைக்கலம் பீரோவைத் திறந்தார்.

உள்ளே கரையான் புற்று! வீணை இருந்த இடத்தில் ஒரு கைப்பிடி மண்ணும் சுருண்ட கம்பிகளும் கிடந்தன. புல்லாங்குழலைக் காணவே காணோம். ஜால்ராதான் களிம்பு பிடித்துப் பச்சையாகக் கிடந்தது. மத்தளம் மட்டும் எப்படியோ உருக்குலையாமல் நின்றது.

"ஒருத்தர் விரலும் படலைன்னு சொன்னீங்களே, அது சரிதான்" என்றார் பெருஞ்செவியார். "பட்டதெல்லாம் பல்லுதான்."



பெருஞ்செவியார் சிலுப்பியைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு இதை வாசிக்கத் தெரியுமா, அம்மா?"

"தெரியாதுங்க ஐயா. ஆனா ஒரு வருஷமா ஆசை இருக்குங்க."

"அடி."

சிலுப்பி கையைத் துடைத்துக்கொண்டது. மத்தளத்தின் முன்னால் நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து, ஓர் அடி அடித்தது.

தொம்ம்ம்!

மரத்திலிருந்த பறவையெல்லாம் எழும்பிப் பறந்தன. பெற்றோர் கூட்டம் பதறி எழுந்து நின்றது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு சத்தத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை. சத்தம் அடங்குவதற்குள், கரையான் தின்ற மத்தளம் பொலபொலவென்று உதிர்ந்து தூளாகிப்போனது. மூக்கெல்லாம் தூசியோடு சிலுப்பி காது வரைக்கும் சிரித்தபடி நின்றது.

அடைக்கலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தீங்களா ஐயா! ஒரே அடியில உடைச்சிட்டா! இதுக்குத்தான் நான் பிள்ளைங்க கையில எதையும் குடுக்கிறதே இல்ல!"

பெருஞ்செவியார் பதிவேட்டைத் தரையில் விரித்து, கூட்டத்துக்கே கேட்கும்படி வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார்.

"இந்த ஆண்டு இப்பள்ளியில் ஒரு மாணவி மத்தளம் வாசித்தாள். ஓர் அடி. மிக நன்றாக இருந்தது. அடுத்த வாரம் புதுக் கருவிகள் வரும். அவற்றைப் பிள்ளைகளே வைத்துக்கொள்ள வேண்டும். பீரோவைத் தலைமையாசிரியர் தன் வீட்டுக்கு எடுத்துப்போகலாம்."

"சரிதானே, வாத்தியாரே?" என்று கொக்கைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமாங்க" என்றது கொக்கு.

புதுக் கருவிகள் வந்தபோது பள்ளிக்கூடம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதமும் அந்தக் காட்டில் யாராலும் பகலில் கண்ணை மூட முடியவில்லை.

நீதி: கெட்டுவிடுமே என்று பிள்ளைகளின் கைக்குக் கொடுக்காத கருவி, கரையானின் வாய்க்குத்தான் போகும்.