ஈரச் சாக்கு

"அம்மா, ஜெனரேட்டர் மறுபடியும் சூடாகி நின்னுபோச்சு" என்றார் குற்றாலிங்கம்.

உலகம்மை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அந்த மடத்துக்கு அவர்தான் குரு. சீடர் குற்றாலிங்கமோ அவரைவிட வயதில் மூத்தவர். மடத்தில் வேறு யாரும் கிடையாது. சுற்றிலும் முள்ளடர்ந்த உடைமரமும் சித்திரை வெயிலும்தான்.

சூறைக்காற்றில் மின்கம்பம் சாய்ந்ததிலிருந்து கரண்டு இல்லை. ஜெனரேட்டர் ஓடினால்தான் கிணற்று மோட்டார் ஓடும். தொட்டி காய்ந்து கிடந்தது.

"தண்ணியே இல்லாத இடத்துல எனக்கு எங்கேருந்து நிம்மதி வரும்? நான் கிளம்புதேன்."

நிம்மதி தேடித்தான் குற்றாலிங்கம் வந்திருந்தார். துக்கம் கேட்க வருகிறவர்களிடம் செத்துப்போன மனைவியைப் பற்றிப் பேச வேண்டியிருக்குமே என்று பயந்து, ஊரைவிட்டே வந்துவிட்ட மனிதர். இங்கேயும் அவளைப் பற்றி வாய் திறந்ததில்லை. பேசாமலிருந்தால் ஆறிவிடும் என்று நினைத்தார். ஆறவில்லை.

"எங்க வச்சு ஓட்டுனீங்க அண்ணாச்சி?"

"விறகு அறையில. சத்தம் தாங்கலைன்னு கதவைச் சாத்திட்டேன்."

உலகம்மை போய்க் கதவைத் திறந்தார். அனல் முகத்தில் அடித்தது. சுவரோடு ஒட்டி நின்ற எஞ்சினை ஓர் ஈரச் சாக்கு முழுசாக மூடியிருந்தது.

"இது என்னது?"

"சூடு ஏறக் கூடாதுன்னு போட்டேன். தண்ணிப் பானைக்குச் சுத்துவோம்லா."

"நனைக்கத் தண்ணி?"

"குடிக்க வச்சிருந்தது."

உலகம்மை சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"பானைக்குச் சூடு வெளிய. இதுக்கு உள்ள."

சாக்கை உருவி எறிந்தார். இருவருமாக எஞ்சினை வெளியே இழுத்து, வேப்பமர நிழலில், நாலு பக்கமும் காற்றாட நிறுத்தினார்கள். உலகம்மை ஈரத்தைத் துடைத்தார். காற்றுப் போகும் துளைகளில் அடைத்திருந்த தூசியைத் தட்டினார். எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அது ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார்.

கயிற்றை இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இந்த முறை நிற்கவில்லை. தொட்டியில் தண்ணீர் விழுந்தது.

குற்றாலிங்கம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வந்துவிட்டது, அவருக்கு நிம்மதிதான் வரவில்லை.

"இருந்தாலும் நான் கிளம்புதேன் அம்மா."

"உங்க வீட்டுக்காரம்மா பேரு என்ன அண்ணாச்சி?"

அவர் உதடு அசைந்தது.

"எஞ்சின் சத்தத்துல கேக்கல."

மறுபடி சொன்னார்.

"கேக்கல அண்ணாச்சி. சத்தமாச் சொல்லுங்க."

"கோமதி!" என்று கத்தினார் குற்றாலிங்கம். "ஏட்டி கோமதி! என்னத் தனியா விட்டுட்டுப் போயிட்டியே!"