மீசை வைத்த பிணம்

"மேடம், என் கதாநாயகிக்கு இன்னும் என்னதான் குடுக்கணும்? நீங்களே சொல்லுங்க!"

எடிட்டிங் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு இளம்பரிதி உள்ளே நுழைந்தபோது இதைத்தான் கத்தினார். ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மூஞ்சியில் பாதி மீசைதான். வாராவாரம் தொலைக்காட்சியில் வரும் துப்பறியும் தொடர் ஒன்றுக்குக் கதையும் வசனமும் எழுதுகிறவர்.

உள்ளே உட்கார்ந்திருந்த திலகா அந்தத் தொடரின் எடிட்டர். இவரைவிட இருபது வயது சின்னவர். ஆனாலும் இளம்பரிதி அவரைத்தான் குருவாக வரித்திருந்தார்.

குரு என்றால் தாடியும் மரத்தடியும் வேண்டும் என்று யாரய்யா சொன்னது? இந்தக் குருவுக்கு ஏசி அறை, கழுத்தில் ஹெட்போன், மேசையில் பாதி தின்ற முறுக்கு. அவர் ஒரு காட்சியை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இயக்குநரே வாயைத் திறக்க மாட்டார்.

"என்ன ஆச்சு, சார்?"

"மிருதுளா போறேன்னுட்டாங்க மேடம். இன்னிக்கு எடுக்கிற சீனோட சரியாம். நாளையிலேருந்து வர மாட்டாங்களாம்."

மிருதுளாதான் தொடரின் நாயகி, இன்ஸ்பெக்டர் எழிலரசி. மிருதுளா போனால் தொடரை இழுத்து மூடிவிடுவோம் என்று சேனல்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

மூடினால் இளம்பரிதி மறுபடியும் மாமியார் மருமகள் தொடருக்குக் கண்ணீர் வசனம் எழுதப் போக வேண்டியதுதான். வருஷக்கணக்கில் அதை எழுதி எழுதி மனுஷன் நொந்துபோயிருந்தார். இது ஒன்றுதான் அவராக யோசித்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறிக் கெஞ்சி, ஒப்புதல் வாங்கிய கதை. பெற்ற பிள்ளை மாதிரி.

"ஏன் போறாங்களாம்?"

"எனக்கு இதுல வேலையே இல்ல சார்ங்கிறாங்க. வேலை இல்லையாமே! கராத்தே குடுத்தேன். புல்லட் ஓட்ட வச்சேன். கூலிங் கிளாஸ் குடுத்தேன். தனியா உக்காந்து அழறதுக்கு, செத்துப்போன ஒரு புருஷனையும் குடுத்தேன். அறை வாங்குறதுக்குன்னே வாரம் ஒரு ரவுடி. பொம்பள போலீஸுக்கு வேற என்ன மேடம் வேணும்?"

திலகா முறுக்கைக் கடித்தார்.

"இன்னிக்கு என்ன சீன்?"

"கொலை நடந்த வீடு. எழிலரசி வர்றாங்க, பிணத்தைப் பாக்குறாங்க. கொலைகாரன் ஜன்னலை உடைச்சுக்கிட்டு வந்தவன்னு கண்டுபிடிக்கிறாங்க."

"யாரோட பிணம்?"

"ஒரு பொண்ணு."

"எந்தப் பொண்ணு?"

"பொண்ணுதான் மேடம். சின்ன வயசு. அழகா இருப்பா."

திலகா ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"வாங்க, கீழ போவோம்."

வளசரவாக்கத்தில் வாடகைக்கு எடுத்த பங்களா அது. மாடியில் எடிட்டிங், கீழே கூடத்தில் படப்பிடிப்பு. இயக்குநர் ஜெபராஜ் விளக்குக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நடுக்கூடத்தில், பிணமாக நடிக்க வந்த பெண் படுத்தபடி செல்போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ போய் ஒரு டீ குடிச்சுட்டு வாம்மா," என்றார் திலகா.

அவள் துள்ளி எழுந்து ஓடினாள்.

திலகா இளம்பரிதியைப் பார்த்தார். பிறகு தரையைக் காட்டினார்.

"படுங்க."

"யாரு, நானா?"

"ஒத்திகைதானே சார். படுங்க."

குரு சொன்ன பிறகு என்ன பேச்சு? படுத்தார். ரத்தக்கறை போட்ட சேலையை அவர்மேல் போர்த்தினார்கள். ஏணிமேல் நின்ற விளக்குக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் ஏணியையே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"யப்பா, அந்த மீசையை மூடுங்கப்பா!" என்று கத்தினார் ஜெபராஜ்.

"மூட வேண்டாம்," என்றார் திலகா. "பிணத்துக்கு ஒரே ஒரு விதிதான் சார். பேசக் கூடாது."

ஒத்திகை தொடங்கியது.

டக், டக் என்று பூட்ஸ் சத்தம் வந்தது. மிருதுளாவின் பூட்ஸ் இளம்பரிதியின் காதோரம் வந்து நின்றது.

"மேடம், கழுத்தை நெரிச்சிருக்காங்க," என்றார் கான்ஸ்டபிளாக நடித்தவர்.

"உயிர் போய் மூணு மணி நேரம் ஆகுது," என்றார் டாக்டராக நடித்தவர்.

"அந்த ஜன்னல் உடைஞ்சிருக்கு மேடம்," என்றார் கைரேகை நிபுணராக நடித்தவர்.

மிருதுளா கூலிங் கிளாஸை மெதுவாகக் கழற்றினாள். அதற்கென்று தனியாக ஒரு இசை வேறு உண்டு.

"அப்போ கொலைகாரன் ஜன்னல் வழியாத்தான் வந்திருக்கான்."

"எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க!" என்று கான்ஸ்டபிள் வாயைப் பிளந்தார்.

எழுதும்போது இந்த வரிக்கு இளம்பரிதி தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொண்டவர். தரையில் கிடந்து கேட்டபோது காது கூசியது. அட, எல்லாவற்றையும் ஆம்பளைகள் மூன்று பேர் ஊட்டி விடுகிறார்கள். அந்தம்மா மென்று முழுங்குகிறது. இதிலே ஆச்சரியம் வேறு!

"மறுபடியும்," என்றார் திலகா.

மறுபடியும் பூட்ஸ் வந்தது. கழுத்து, மூன்று மணி நேரம், ஜன்னல். ஒருத்தர் பார்வைகூட அவர்மேல் இறங்கவில்லை.

இளம்பரிதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யோவ், நான் இங்கே செத்துக் கிடக்கிறேன்! என்னத்துக்குய்யா எல்லாரும் வந்தீங்க? ஜன்னலுக்கு மரவேலை பார்க்கவா?

"மறுபடியும்."

மூன்றாவது தடவை கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. இப்படி எத்தனை பெண்களைத் தரையில் கிடத்தியிருக்கிறார்! குளத்தில், காரில், கட்டிலுக்கு அடியில். ஒருத்தி பேராவது ஞாபகம் வருகிறதா என்று யோசித்தார். வரவில்லை. வைத்திருந்தால்தானே வருவதற்கு?

"இப்ப நீங்க மூணு பேரும் தள்ளி நில்லுங்க," என்றார் திலகா. "மிருதுளா, நீங்க மட்டும்."

"என்ன வசனம் மேடம்?"

"வசனம் கிடையாது."

"அப்ப நான் என்ன பண்ணணும்?"

"உங்க முன்னாடி ஒருத்தர் செத்துக் கிடக்காங்க."

அவ்வளவுதான். திலகா சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

மிருதுளா கீழே பார்த்தாள். மீசையைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தாள். பிறகு தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தாள்.

குனிந்தாள். முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"மூக்குல ரெண்டு பக்கமும் தழும்பு," என்றாள். யாருக்கும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள். "இவங்க கண்ணாடி போடுறவங்க. கண்ணாடி எங்க?"

படுப்பதற்கு முன் இளம்பரிதி கழற்றிக் கொடுத்த கண்ணாடி திலகாவின் கையில் இருந்தது. குரு அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

மிருதுளா சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். மேசைக்குக் கீழே பார்த்தாள்.

"இல்ல. கீழ விழுந்திருந்தா இங்கதான் கிடக்கணும். யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க. விரல்ல மோதிரம் அப்படியே இருக்கு. அதை விட்டுட்டுக் கண்ணாடியை எதுக்கு எடுக்கணும்?"

ஏணியில் இருந்தவர் இரண்டு படி இறங்கி வந்தார்.

மிருதுளா பிணத்தின் வலது கையைத் தூக்கினாள். விரல்களை விரித்துப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"சாம்பார்! நகத்து இடுக்குல பருக்கை காஞ்சிருக்கு. கையைக்கூடச் சரியா கழுவல. பாதிச் சாப்பாட்டுல எழுந்திருச்சிருக்காங்க."

இளம்பரிதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிஜம்தானே! இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் மிருதுளா போகிற சேதி வந்தது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மாடிக்கு ஓடிவந்தவர் அவர்.

"ஜன்னலை உடைச்சுக்கிட்டு ஒருத்தன் குதிச்சா நாம என்ன பண்ணுவோம்? கத்துவோம். ஓடுவோம். இங்க பாருங்க, ஒரு நாற்காலிகூடச் சாயல!" மிருதுளாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. "இவங்க தானா எழுந்து வந்திருக்காங்க. 'சாப்பிட்டுக்கிட்டா இருக்கே, ஒரு நிமிஷம் வா'ன்னு கூப்பிட்டிருக்கான். அப்படிக் கூப்பிடுற அளவுக்கு வேண்டியவன். வாசல் வழியா வந்தவன்! ஜன்னலை அப்புறம்தான் உடைச்சிருக்கான்!"

"அய்யோ!" என்றார் கான்ஸ்டபிள். அது அவருக்கு எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. தன்னை அறியாமல் வாசல் கதவுக்கு ஓடித் தாழ்ப்பாளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கூடமே நெருங்கி வந்து சூழ்ந்துகொண்டது. டீ குடிக்கப் போன பெண் டம்ளரோடு வந்து, தன் இடத்தில் கிடந்த ஆளை எட்டி எட்டிப் பார்த்தாள். ஜெபராஜ், "கேமராவை ஓடவிடுப்பா, ஓடவிடு!" என்று அடிக்குரலில் கதறினார்.

பிணத்துக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. போர்த்திய சேலை ஏறி ஏறி இறங்கியது. யார் இவள்? யார் கூப்பிட்டு எழுந்து வந்தாள்? கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எது தெரியாமல் போனது? எழுதினவர் அவர்தான். அவருக்கே தெரியாது! தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போல இருந்தது.

"யாரு மேடம் அவன்?" என்று பிணம் கேட்டது.

கூடம் கொல்லென்று சிரித்தது. திலகா உதட்டில் விரலை வைத்தார். அவர் கண்ணும் சிரித்தது.

இளம்பரிதி கையை ஊன்றிக்கொண்டு எழப் பார்த்தார். "பேனா! யாராவது ஒரு பேனா குடுங்கப்பா! அவளுக்கு முதல்ல ஒரு பேர் வைக்கணும்! மேடம், எனக்கு..."

ஜெபராஜ் தயங்கித் தயங்கி மிருதுளாவின் பக்கம் வந்தார். "சீன் முடிஞ்சதும்மா. நீங்க கிளம்பணும்னு சொல்லியிருந்தீங்க."

மிருதுளா திரும்பவே இல்லை. இளம்பரிதியின் தோளைப் பிடித்துத் தரையோடு அழுத்தினாள்.

"எழுந்திருக்காதீங்க சார். நான் இன்னும் பாத்து முடிக்கல."