மைனாவைக் கேட்காமல் போட்ட தீர்மானம்

மைனா பொன்னலகிக்கு இடது இறக்கை உடைந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆடிக் காற்றில் முறிந்த கிளை ஒன்று அதன் மேல் விழுந்துவிட்டது. காயம் ஆறிவிட்டது, எலும்பும் ஒருவழியாகக் கூடிவிட்டது. பறக்கத்தான் முடியவில்லை.

பறக்க முடியாவிட்டால் என்ன, பேச முடிந்தது. அந்த வேலையில் பொன்னலகி ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

அது குடியிருந்தது ஏரிக்கரை மருதமரத்தில். அந்த மரத்து மைனாக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் எல்லாம் ஒன்றுகூடி, அன்று கண்டது கேட்டது அத்தனையையும் பேசித் தீர்க்கும். பிறகு யார் எந்தக் கிளையில் உட்காருவது என்று ஒரு சண்டை நடக்கும். சண்டை முடிந்தால்தான் தூக்கம். வெளியூர்ப் பறவைகள் கேட்டால் ஏதோ கொலை நடக்கிறது என்று நினைக்கும். மைனாக்களுக்கோ அதுதான் சொந்தபந்தம்.

பொன்னலகிக்கு மூன்றாம் கிளை. மரத்தடியில் இருந்து அந்தக் கிளை வரை ஒரு சீந்தில் கொடி போயிற்று. அதை அலகால் கவ்வி, காலால் பற்றி, எட்டு எட்டாக ஏறும். முன்பு ஒரே தாவில் போன உயரத்துக்கு இப்போது வெகுநேரம் பிடித்தது. அதனால் மற்ற மைனாக்களுக்கு முன்பே இரை தேடுவதை நிறுத்திக்கொண்டு, வெயில் தாழும்போதே ஏறத் தொடங்கிவிடும். எல்லாம் வந்து சேரும் நேரத்தில் அதுவும் கிளையில் இருக்கும், கதையும் தயாராக இருக்கும்.

ஒரு மழை நாளில் கொடி வழுக்கியது. பொன்னலகி பொத்தென்று சேற்றில் விழுந்தது. விழுந்த இடம் நாரை நெடுங்காலரின் காலடி.

நெடுங்காலர்தான் ஏரிச் சபையின் தலைவர். இளகிய மனசு. மைனா சேற்றைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் ஏறிப் போனதை அது பார்க்கவில்லை. விழுந்ததைப் பார்த்ததோடு கண்ணை மூடிக்கொண்டுவிட்டது.

மறுநாள் காலையிலேயே சபை கூடியது. சபையில் மூன்று பேர். தலைவர் நாரை, உறுப்பினர்கள் புறாவும் ஓணானும். இந்தச் சபையில் இதுவரை ஒரு தீர்மானம்கூடத் தோற்றதில்லை. புறா எதைக் கேட்டாலும் "உம்ம்" என்னும். ஓணானுக்கு எப்போதும் தலை ஆடிக்கொண்டே இருக்கும். ஆகவே நாரை எதைச் சொன்னாலும் ஒருமனதாக நிறைவேறிவிடும்.

அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று. பொன்னலகியை யாரும் கூப்பிடவில்லை. "பாவம், அதுக்கு எதுக்கு அலைச்சல்?" என்றது நாரை. "உம்ம்" என்றது புறா. ஓணான் தலையாட்டியது.

கூட்டம் முடிந்ததும் நாரை சந்தோஷமாக மரத்தடிக்கு வந்தது.

"தங்கச்சி, உனக்கு ஒரு நல்ல சேதி. மலை மேல, முடியாதவங்களைக் கவனிச்சுக்கிற கரடியோட நலக்குகையில உனக்கு இடம் கிடைச்சிருக்கு. அங்கே காத்து இல்ல, மழை இல்ல, பாம்பு இல்ல. வேளாவேளைக்குச் சாப்பாடு. பௌர்ணமிக்கு மறுநாள் புறப்படணும்."

"நான் எங்கேயும் போறதா இல்லையே அண்ணாச்சி."

"சபையில முடிவாயிருச்சும்மா. ஒருமனதா."

"அந்த ஒரு மனசு யாரோடது? என்னோடது இல்லையே."

நாரை தொண்டையைச் செருமிக்கொண்டது. "நீ நேத்து விழுந்தியே, நான் பார்த்தேனே."

"விழுந்தேன். போன மாசம் நீங்களும் ஒரு தவளையைத் துரத்திக்கிட்டுப் போய்ச் சேத்துல மல்லாந்து விழுந்தீங்க. உங்களை எந்த மலைக்கு அனுப்பி வச்சாங்க?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

நாரை பேச்சை மாற்றியது. சபை போட்ட தீர்மானம் போட்டதுதான் என்றது. மூன்றாம் கிளையைக்கூட ஓர் இளம் மைனா ஜோடிக்கு ஒதுக்கியாயிற்று என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தது.

அன்று சாயங்காலம் பொன்னலகி கொடி ஏறி வந்தது. அதைப் பார்த்ததும் எல்லா மைனாக்களும் விலகி வழிவிட்டன. "நீ இங்கே உட்காரு அக்கா", "இல்ல, இங்கே வசதியா உட்காரு" என்று உபசாரம் செய்தன. யாரும் அதனோடு சண்டைக்கு வரவில்லை. பொன்னலகிக்கு அழுகை வந்தது. இறக்கை உடைந்த அன்றுகூட அதற்கு இவ்வளவு வலிக்கவில்லை. அந்த இரவு அது ஒரு வார்த்தையும் பேசாமல் தூங்கிப்போனது.

ஆனால் அழுதுகொண்டே இருப்பது அதற்குப் பழக்கமில்லாத வேலை. காலையில் எழுந்ததும் ஒரு யோசனை வந்தது.

சாயங்காலம் மரம் முழுக்கக் கூடியிருந்தபோது அது சபையைக் கூப்பிட்டது. "அண்ணாச்சி, நான் குகைக்கு வரேன். ஒரே ஒரு நிபந்தனை. எனக்கு நல்ல இடம்னு முடிவு பண்ணின நீங்க மூணு பேரும் என்கூட அங்கே வந்து மூணு நாள் தங்கணும். குகையோட சட்டப்படியே இருக்கணும். நாலாவது நாள் காலையில நீங்க 'நல்ல இடம்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, நான் மறு பேச்சுப் பேச மாட்டேன்."

நாரை யோசித்தது. நல்ல இடத்தில் தங்க என்ன கசப்பு? "சரி" என்றது. "உம்ம்" என்றது புறா. ஓணான் தலையாட்டியது. இதுவும் ஒருமனதாக நிறைவேறியது.

பௌர்ணமிக்கு மறுநாள் நால்வரும் புறப்பட்டார்கள். பொன்னலகி தத்தித் தத்தி நடந்தது. "முதுகுல ஏறிக்கோ" என்று நாரை பத்து தடவை சொன்னது. "மேட்டுல மட்டும் போதும் அண்ணாச்சி. சமவெளியில நான் வெட்டுக்கிளி பிடிக்கணும்" என்றது மைனா. மேடு வந்ததும் தானே கேட்டு ஏறிக்கொண்டது.

குகை வாசலில் கரடி நின்றிருந்தது. "வாங்க வாங்க செல்லங்களா" என்று நால்வரையும் வாரி அணைத்தது. கரடியைக் கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. குகையைப் பெருக்கி, வைக்கோல் பரப்பி, கண்ணும் கருத்துமாக வைத்திருந்தது. ஏற்கெனவே அங்கே ஒரு ஆமை இருந்தது. முன்னங்கால் ஒன்று இல்லாத ஆமை. ஏழு வருஷமாக ஒரே மூலையில் இருந்தது. வந்தவர்களை அது எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

வந்து நின்ற களைப்பில் நாரை வழக்கம்போல ஒரு காலை மடக்கி ஒற்றைக் காலில் நின்றது. கரடி பதறிப்போனது.

"ஐயோ, உனக்கு ஒரு கால் மடங்கிப் போச்சா? என்கிட்ட சொல்லவே இல்லையே."

"அதெல்லாம் இல்ல. நான் இப்படித்தான் நிப்பேன்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க செல்லம்" என்று கரடி அதைத் தூக்கி வைக்கோலில் படுக்க வைத்துவிட்டது.

"நான் ஏரிச் சபையின் தலைவர்" என்றது நாரை, படுத்தபடியே.

"சரிடா கண்ணு. தூங்கு."

மதியம் சாப்பாடு வந்தது. கறையான். "மீன் கிடைக்குமா?" என்று நாரை கேட்டது. "இங்கே இருக்கிறவங்களுக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும். மீன்ல முள் இருக்கு" என்றது கரடி. புறாவுக்குத் தானியம் வேண்டும். ஆனால் கரடி "கறையான் பிடிச்சிருக்கா?" என்று கேட்டதும் வாய் தானாக "உம்ம்" என்றது. ஓணானுக்குக் கறையான் பிடிக்கும். சிக்கல் வேறு. "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கரடி கேட்கும்போதெல்லாம் அதன் தலை ஆடியது. ஏழாவது கவளத்தில் ஓணானின் வயிறு உருண்டையாகிவிட்டது.

சாயங்காலம் இன்னும் வெளிச்சம் இருந்தது. கரடி வாசலைக் கல்லால் மூடியது. "எல்லாரும் படுங்க. பேசக் கூடாது. பேசினா உடம்புக்கு ஆகாது."

"பொழுது சாயவே இல்லையே" என்றது நாரை.

"சட்டம்னா சட்டம்தான் செல்லம்."

இரண்டாம் நாளும் அதே. நாரை வாசல் வரை போய் ஏரியைப் பார்க்க ஆசைப்பட்டது. விழுந்துவிடுவாய் என்று கரடி விடவில்லை. "நான் பறப்பேன்" என்றது நாரை. கரடி அதன் தலையைத் தடவிக் கொடுத்தது. ஓணான் மூலையில் சுருண்டு முனகியது. "போதும்னு சொல்லணும்னு வாயைத் திறக்கிறதுக்குள்ள தலை ஆடிடுது" என்று புறாவிடம் அழுதது. புறா "உம்ம்" என்றது. பிறகு அதுவும் அழுதது.

பொன்னலகி மட்டும் வைக்கோலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குச் சிரிப்பும் வந்தது. நாரையின் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் மதியம் மெதுவாகக் கேட்டது. "எப்படி அண்ணாச்சி இருக்கு?"

நாரை வாசல் பக்கம் பார்த்தது. பிறகு சொன்னது. "காத்து இல்ல, மழை இல்ல, பாம்பு இல்ல. நான் சொன்னது எதுவும் பொய் இல்ல. ஆனா வந்ததுல இருந்து நான் எதையும் முடிவு பண்ணல. எப்பத் தூங்கணும்னுகூட. எனக்கு நான் யாருன்னே மறந்துபோகும்போல இருக்கு."

"எனக்கு அது சபை கூடின அன்னிக்கே ஆரம்பிச்சிருச்சு" என்றது மைனா.

நாரை தலையைக் குனிந்துகொண்டது. "என்னை மன்னிச்சிரு தங்கச்சி."

நாலாம் நாள் காலையில் கரடி கல்லை நகர்த்தியதுதான் தாமதம், புறா முதல் ஆளாக வெளியே பாய்ந்தது. "நல்ல இடமா?" என்று பொன்னலகி கேட்டது. "இல்லை" என்றது நாரை. "இல்லை" என்றது ஓணான். அப்போதும் அதன் தலை மேலும் கீழும்தான் ஆடியது, ஆனால் வாய் தெளிவாகப் பேசியது. புறா வாழ்நாளில் முதல் தடவையாக "இல்லவே இல்லை" என்றது.

மரத்தடிக்குத் திரும்பியதும் சபை கூடியது. இந்தத் தடவை நடுவில் பொன்னலகி உட்கார்ந்திருந்தது.

"உனக்கு என்ன வேணும், நீயே சொல்லு" என்றது நாரை.

"என் கிளை வேணும். மழைக்காலத்துல கொடி வழுக்குது. ஒரு மூங்கிலைச் சாய்ச்சு வச்சு, கால் பதியிற மாதிரி அங்கங்கே கொத்தி விட்டா ஏறிக்குவேன். மரங்கொத்தி செய்யும், கேட்டுட்டேன். அப்புறம், என்னைப் பத்திப் பேசணும்னா என்னையும் கூப்பிடுங்க. நான் விழுந்தா விழுந்துட்டுப் போறேன். தூக்கிவிடணும்னா நானே கத்துவேன். என் குரல் கேட்காதுன்னு யாருக்கும் பயம் வேண்டாம்."

எல்லாரும் சிரித்தார்கள். இனிமேல் சபையில் தலையாட்டலை எண்ணுவதில்லை, வாயால் சொன்னால்தான் கணக்கு என்றும் முடிவாயிற்று.

மூன்றாம் கிளையில் இருந்த இளம் ஜோடி "நாங்க எழுந்திருக்க மாட்டோம்" என்றது. "பார்த்துடலாம்" என்றது பொன்னலகி. அன்று நடந்த சண்டையில் பக்கத்து மரத்துக் காக்கைகள் இடம் மாறிப் போயின. கடைசியில் கிளையின் நுனி ஜோடிக்கு, அடிப்பாகம் பொன்னலகிக்கு என்று முடிந்தது. அதற்கு அவ்வளவு சந்தோஷம். இருட்டும் வரை பேசிக்கொண்டே இருந்தது.

மூங்கில் வந்தது. மரங்கொத்தி கொத்தியது. பொன்னலகி ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, நேரே நாரையிடம் போனது.

"அண்ணாச்சி, குகையில அந்த ஆமை இன்னும் இருக்கே. நான் எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன். நம்ம மரத்தடியில வேர் இடுக்குல ஒரு இடம். மெத்து மெத்துன்னு சருகு போட்டாச்சு. நாளைக்கே கூட்டிக்கிட்டு வந்துரலாம்."

மறுநாள் மரமே திரண்டு மலைக்குப் போனது. கரடி திகைத்து நின்றது. பொன்னலகி ஆமையின் முன்னால் போய் நின்று மூச்சுவிடாமல் பேசியது. சருகைப் பற்றிச் சொன்னது, நிழலைப் பற்றிச் சொன்னது, சாயங்காலப் பேச்சைப் பற்றிச் சொன்னது. "புறப்படுங்க மாமா, எல்லாம் தயார்" என்று முடித்தது.

ஆமை தலையை மெதுவாக வெளியே நீட்டியது.

"என்னைக் கேட்டியாம்மா?"

பொன்னலகியின் அலகு திறந்தபடியே நின்றது. அந்த மரத்தில் பிறந்த யாரும் அதை அப்படிப் பார்த்ததில்லை. நாரை வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்கியது. மைனாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. யார் யாருக்கு மூக்கு உடைந்ததோ அவர்கள் வரிசையில் இப்போது அதுவும் சேர்ந்துவிட்டது.

"தப்புதான் மாமா" என்றது. "உங்களுக்கு எங்கே இருக்க ஆசை?"

நீட்டிய தலையை ஆமை உள்ளே இழுக்கவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. ஆமையின் கண் கலங்கியிருந்தது.

"கொஞ்சம் பொறு தாயி. ஏழு வருஷமா யாரும் இதைக் கேட்டதே இல்ல. பதில் சொல்லிப் பழக்கம் விட்டுப்போச்சு."

யாரும் அவசரப்படுத்தவில்லை. பொன்னலகிகூட வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கரடி தானாகவே ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தது. நிழல் கிழக்கே சாயத் தொடங்கியபோது ஆமை பேசியது.

"எனக்கு ஏரிதான் வேணும். ஆனா உங்க மரத்தடி வேண்டாம். நீங்க போடுற சத்தம் இந்த மலை வரைக்கும் கேட்குது. மேற்குக் கரையில அல்லி பூக்கிற இடம் இருக்குல்ல, அங்கே. இன்னிக்கு இல்ல, மூணு நாள் கழிச்சு. கரடித் தம்பி தூக்கிக்கிட்டு வந்து விடணும். வாரம் ஒரு தடவை வந்து பார்க்கவும் செய்யணும், அவன் கைப்பக்குவத்துல கறையான் எனக்குப் பிடிக்கும்."

கரடி மூக்கை உறிஞ்சியது. "செல்லம்" என்று தொடங்கி, சட்டென்று நிறுத்திக்கொண்டது. "நான் உங்களை எப்படிக் கூப்பிடணும்?" என்று கேட்டது.

"அண்ணன்னு கூப்பிடு" என்றது ஆமை.

ஒருவருக்கு நல்லது செய்ய நினைப்பவர், அவர் எங்கே, எப்படி, யாரோடு வாழ விரும்புகிறார் என்பதை முதலில் அவரிடமே கேட்டு, பதில் வரும்வரை பொறுமையாக இருக்க வேண்டும்.