கரடி எடை போட்ட புத்தகங்கள்

கரடி குப்பாண்டிக்கு ஒரே மகள். பெயர் செம்பி, வயது நாலு. அப்பா மடியில் ஏறினால் இறங்கவே மாட்டாள். குப்பாண்டிக்கு அதில் அப்படியொரு பெருமை!

அந்தக் காட்டில் ஒரு நூலகம் இருந்தது. பெரிய மருதமரப் பொந்துதான் நூலகம். முள்ளம்பன்றி செங்கமலம் அதை நடத்தினாள். யார் எந்தப் புத்தகம் எடுத்தாலும் ஒரு சீட்டில் எழுதி, தன் முதுகு முள்ளில் குத்தி வைத்துக்கொள்வாள். அவளுக்கு எதற்கு மேசையும் அலமாரியும்?

மகளைப் பெரிய படிப்பாளி ஆக்கிவிட வேண்டும் என்று குப்பாண்டி ஒருநாள் அங்கே போனான். ஒவ்வொரு புத்தகமாகக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தான்.

"என்னண்ணே பண்றீங்க?" என்று கேட்டாள் செங்கமலம்.

"கனம் பாக்கறேன் தங்கச்சி. கனமான கூட்டுலதானே தேன் நிறைய இருக்கும்?"

செங்கமலத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முதுகுச் சீட்டெல்லாம் படபடவென்று ஆடியது.

"இது தேன்கூடு இல்லண்ணே! பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. அவளே எடுக்கட்டும்."

"நாலு வயசு வாண்டுக்கு என்ன தெரியும்? எல்லாம் எனக்குத் தெரியும்!"

தெரிந்த லட்சணத்தைப் பாருங்கள்! அவன் தூக்கிக்கொண்டு போனது 'வேர்களும் வகைகளும், எட்டாம் தொகுதி'. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

குகைக்குப் போனதும் செம்பியை மடியில் வைத்துப் படிக்க ஆரம்பித்தான். "ஆணிவேர் எனப்படுவது யாதெனில்..."

"படம் எங்கேப்பா?"

"படமும் கிடையாது, கிடமும் கிடையாது! பேசாம கேளு!"

முதல் நாள் செம்பி கொட்டாவி விட்டாள். இரண்டாம் நாள் நெளிந்து நெளிந்து நழுவினாள். மூன்றாம் நாள் அந்தப் புத்தகத்தைக் கண்டதுமே மரத்தில் ஏறிவிட்டாள்.

"இறங்கி வாடா கண்ணு! அப்பா மடியில உக்காரு!"

"மாட்டேன்! உங்க மடி எனக்கு வேண்டாம்!"

புத்தகம் வேண்டாம் என்றால்கூடப் பரவாயில்லை. மடியே வேண்டாமாமே! அன்றைக்குக் குப்பாண்டிக்குப் பலாச்சுளைகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் காலை மகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு நூலகத்துக்கு ஓடினான். "தங்கச்சி, கனம் பத்தலை போல! இதைவிடப் பெருசா ஒண்ணு குடு!"

செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் செம்பி சறுக்கி இறங்கி, புத்தகங்களுக்கு நடுவே புகுந்துவிட்டாள். ஒன்றைப் புரட்டினாள். ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு ஒல்லிப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அட்டையில் மூக்கைப் பிடித்தபடி ஒரு தவளை.

"இதுல பன்னிரண்டு பக்கந்தானே இருக்கு!" என்று அலறினான் குப்பாண்டி.

"இதான் வேணும்! படிங்கப்பா!"

வேறு வழி? படித்தான். "தவளைக்குத் தும்மல் வரப் பார்த்தது. அ..."

"அப்படி இல்லப்பா! தவளை மாதிரி!"

குப்பாண்டி சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு கன்னத்தை உப்பிக்கொண்டு, "அ... அ... அ..." என்றான். அடுத்த பக்கத்திலும் தும்மல் வரவில்லை! அதற்கடுத்த பக்கத்திலும் வரவில்லை! குப்பாண்டிக்கே பொறுக்க முடியவில்லை. அவசர அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினான். பன்னிரண்டாம் பக்கத்தில் "அச்ச்ச்சூ!" என்று அவன் போட்ட போட்டில் பக்கத்துக் குளத்துக் கொக்குகள் கூட்டமாகப் பறந்தன!

செம்பி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே மடியில் ஏறி, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "இன்னொரு தடவைப்பா!"

ஏழு தடவை படித்தாயிற்று. பொழுது உச்சிக்கு வந்துவிட்டது.

"அண்ணே, போதும், வீட்டுக்குப் போங்க! எனக்குக் காது வலிக்குது!" என்றாள் செங்கமலம்.

"கொஞ்சம் இரு தங்கச்சி!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான் குப்பாண்டி. "பிள்ளை இப்பதான் மடிக்கு வந்திருக்கா!"

எட்டாவது தடவையாக முதல் பக்கத்தைத் திருப்பினான்.

குழந்தைக்கான புத்தகத்தைக் குழந்தையே எடுக்கட்டும். கூட உட்கார்ந்து சிரித்துப் படிப்பதுதான் பெரியவர்களின் வேலை.