கும்பிட்ட கையில வலைக்கயிறு

படார்! தொம்மையோட கட்டுமரத்துல கட்டு அறுந்துபோச்சு! சேத்துக் கட்டியிருந்த தடியெல்லாம் திசைக்கொண்ணா ஓட, தொம்மை ஒத்தத் தடியக் கட்டிப்புடிச்சுக்கிட்டுத் தத்தளிக்கிறான். சுத்தியும் நடுக்கடல். கண்ணுக்கெட்டுற தூரத்துல ஒரே ஒரு ஆளு. அதுவும் யாருங்கிறீங்க? பேச்சுவார்த்தையே இல்லாத அக்கா புருஷன், சந்தியாகு!

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, முத்துக்குளிக்கிற கரையில நடந்த கதை இது. ராசாவும் இல்ல, மந்திரியும் இல்ல. ரெண்டு மீன்காரங்க, நடுவுல ஒரு வலை, அவ்வளவுதான். தொம்மையோட அப்பன் சாகும்போது அந்த வலைய மருமகன் சந்தியாகுவுக்குக் குடுத்துட்டாரு.

"எங்கப்பன் வலை எனக்குத்தான்"னான் தொம்மை.

"குடுத்தது குடுத்ததுதான்"னான் சந்தியாகு. அன்னிக்கோட ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுச்சு.

ஒரு ஞாயித்துக்கிழம மாதா கோயில்ல பாதிரி சாமி கேட்டாரு: "ஏப்பா சந்தியாகு, பகைவனையும் நேசிக்கணும்னு தெரியுமில்ல?"

"நேசிக்கிறேனே சாமி! அவன் அந்தக் கோடியில, நான் இந்தக் கோடியில. தூரத்துல இருந்தே நேசிக்கிறேன்!"

கோயிலே சிரிச்சுச்சு.

இப்பப் பாருங்க, கடல்ல அதே தூரம். சந்தியாகு வலை நெறைய மீனு. அந்தக் கனத்துல அவன் மரம் நகரவே மாட்டேங்குது. வலைய இழுத்து ஏத்திட்டுப் போறதுக்குள்ள தொம்மை இருக்க மாட்டான்.

"மச்சான்!"

சந்தியாகு நெத்தியில சிலுவ போட்டான். "ஆண்டவரே, அவனக் காப்பாத்தும்."

"மச்சான்!"

கண்ண மூடிக் கும்பிட்டான். முழுசா ஒரு ஜெபம் சொன்னான். மனசு உருகிக் கண்ணுல தண்ணி வந்துச்சு. நெசமாவே வந்துச்சுங்க!

"மச்சா..." மூணாவது கூப்பாடு பாதியிலயே தண்ணிக்குள்ள போச்சு.

சந்தியாகு திடுக்குன்னு கண்ணத் தொறந்தான். தன் கையப் பாத்தான். கும்பிட்ட ரெண்டு கைக்கும் நடுவுல வலைக்கயிறு! ஜெபம் பண்ணும்போதும் அத விடல.

சுருக்குன்னுச்சு அவனுக்கு. கத்திய எடுத்தான். கயித்த நீளமா தன் பக்கம் வச்சுக்கிட்டு, ஒரே வெட்டு! வலை, மீனு, மாமனார் குடுத்த சொத்து, எல்லாம் கடலுக்கு அடியில. துடுப்பப் போட்டான் பாருங்க, பறந்தான்! முடியப் புடிச்சுத் தொம்மையத் தூக்கினான். மிஞ்சின தடியையும் வெட்டின கயித்தாலயே தன் மரத்தோட சேத்து இறுக்கிக் கட்டினான்.

உப்புத்தண்ணியக் கக்கிட்டுத் தொம்மை கேட்ட மொதக் கேள்வி: "எங்கப்பன் வலை?"

"போச்சுடா. இனிமே உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

தொம்மை சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே அழுதான். "நீ ஜெபம் பண்றத அங்கேருந்தே பாத்தேன் மச்சான். முடிக்கவே மாட்டியோன்னு பயந்துட்டேன்!"

கையில புடிச்சிருக்குறத விடாத அன்பு அன்பே இல்ல, இதுதாங்க கதை சொல்ற நீதி.

இப்ப நீங்க சொல்லுங்க. நீங்க கும்பிட்ட கைக்குள்ளயும் எப்பவாச்சும் ஒரு கயிறு இருந்திருக்கா?