தடுக்கிய காலும் தடுக்காத காலும்

மலையடிவார மடத்தில் தவமணி அம்மையிடம் பாடம் கேட்டவர்களில் ஆவுடையப்பனுக்குத்தான் வயது அதிகம். அம்மையை விடவே பத்து வயது மூத்தவர். டவுனில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தவர்.

சில நாளாகவே அவருக்குப் பாடத்தில் மனம் நிற்கவில்லை. ஒரு காலையில் அம்மை கேட்டாள்.

"உங்க தங்கச்சி உடம்பு தேறி ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தாச்சாமே. போய்ப் பாத்தீங்களா?"

"எந்த முகத்தோட போவேன் அம்மா? அண்ணன் சாப்பிட வரலையான்னு தினமும் ஆள் விட்டுக் கேக்கா. அவ வயசுக்கு வந்த நாள்ல இருந்து பவுடர் டப்பா என் கடையில இருந்துதான் போகும். இப்போ பேப்பர்ல போட்டிருக்கு. புற்றுநோய் வந்த பொம்பளைங்களையும் வராதவங்களையும் விசாரிச்சாங்களாம். வந்தவங்கள்லதான் பவுடர் போட்டோம்னு சொன்னவங்க அதிகமாம். அவளுக்கு நோய் வந்தது என்னாலதான்."



அந்நேரம் உடன் பாடம் கேட்கும் பூரணமும் வடிவும் சேர்ந்து மலைக்கோயிலில் கும்பிட்டுவிட்டு மடத்துக்குள் வந்தார்கள். பூரணம் நொண்டிக்கொண்டு வந்தாள். பெருவிரலில் துணி சுற்றியிருந்தது.

"வழியில கல் கிடந்துதா?" என்று அம்மை வடிவிடம் கேட்டாள்.

"கல்லா? கவனிக்கலையே அம்மா. பேசிக்கிட்டே வந்துட்டோம்."

பூரணத்திடமும் அதையே கேட்டாள்.

"ஏன் கேக்கீங்க. அரசமரத்துக்கிட்ட ஒண்ணு, ஓடை தாண்டினதும் கூர்க்கல்லு, வளைவுல பாதி மண்ணுக்குள்ள புதைஞ்சு ஒண்ணு. அதுலதான் இடிச்சுக்கிட்டேன். வழி பூரா கல்லுதான் அம்மா."

அவர்கள் உள்ளே போனதும் அம்மை ஆவுடையப்பனிடம் திரும்பினாள்.

"யார் வந்த வழியில கல் அதிகம்?"

"ரெண்டு பேரும் வந்தது ஒரே வழிதானே" என்றார் ஆவுடையப்பன். இடித்துக்கொண்டவளுக்குத்தான் கல் நினைவிருந்தது என்பது சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"நோய் வந்தவங்களும் அப்படித்தான் பவுடரை நினைச்சு நினைச்சுச் சொல்லியிருப்பாங்களோ? அப்போ அந்த ஆராய்ச்சி பொய்யா அம்மா?"

"பூரணம் பொய்யா சொன்னா? கல் கிடந்தது நிசம். விரல்ல ரத்தம் வந்ததும் நிசம்."

"பவுடரால வந்துதா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது. ஆராய்ஞ்சவங்க என்ன சொல்றாங்க?"

"இன்னும் ஆராயணும்னு கடைசியில போட்டிருந்துது."

"ஆராய்ஞ்சவங்களுக்கே இன்னும் தெரியலை. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

அன்று மத்தியானம் ஆவுடையப்பன் சாப்பிட்டது தங்கை வீட்டில்.